வாசிப்புக் கூடத்தின் நடுவே போகும் பாதை

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பல்கலைக்கழக நூலகர் அவர்களுக்கும், நூலக ஆலோசனைக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டே நம் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தமிழ்ப் பாடநூல்கள் என் ஆய்வுப் பொருள். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பறையில் கழிந்துவிடுவதால், இரண்டு பேருந்து மாறி நூலகத்துக்கு வந்து சேர எனக்கு வாய்ப்பது சனிக்கிழமை மட்டுமே. அந்தச் சனிக்கிழமைகளில் சுற்றிப் பார்க்க வருபவர்களால் வாசிப்புக் கூடத்தில் எழும் சத்தத்தைப் பற்றியதே இந்த மடல். நேரில் ஒருமுறையும் கருத்துப் பெட்டி வழியாக இருமுறையும் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம், இது என் ஒருவனுடைய குறையன்று என்பதும், இதைத் தீர்க்கும் அதிகாரம் நூலகப் பணியாளர் கையில் இல்லை என்பதும்தான்.

நான் பார்க்கும் நூல்கள் இரவல் தரப்படாதவை. காலையில் சீட்டு எழுதிக் கொடுத்தால், பதினொரு மணிவாக்கில் ஊழியர் ஒருவர் அவற்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தருவார். நான்கு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழுப்பேறிய தாள் விரல் பட்டாலே ஓரம் உதிரும் என்பதால் நகலெடுக்க அனுமதியில்லை, பேனாவுக்கும் அனுமதியில்லை, பென்சிலால் குறிப்பெடுக்கலாம். இந்த விதிகள் எதையும் நான் குறை சொல்லவில்லை. அவை இல்லையென்றால் அந்த நூல்களே இன்று இருந்திருக்கா. ஆனால் இவற்றால் விளையும் ஒன்றை நிருவாகம் கணக்கில் கொள்ள வேண்டும்: சத்தம் பொறுக்கவில்லை என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடுதி அறைக்கோ மரத்தடிக்கோ போய்விட எங்களால் இயலாது. அந்தக் கூடம், அந்த மேசை, அந்த ஐந்து மணிநேரம் ஆகியவற்றை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்த ஐந்து மணிநேரத்தில்தான் கல்விச் சுற்றுலாப் பேருந்துகளும் வருகின்றன. கூடத்தின் வடக்கு வாயிலில் நுழைந்து, மேசைகளுக்கு நடுவிலுள்ள அகன்ற வழியாக நடந்து, தெற்கு வாயிலில் வெளியேறுவது என்று வருகையாளர்களுக்கு ஒரு பாதை வகுக்கப்பட்டிருக்கிறது. நான் வந்த கடைசி ஆறு சனிக்கிழமைகளில் நான்கில் அந்தப் பாதையில் கூட்டம் வந்தது. ஒரு நாள் மூன்று பள்ளிகள் அடுத்தடுத்து வந்தன.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள் இருக்கலாம், ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. அழைத்து வந்த ஆசிரியை நல்ல பொறுப்புள்ளவர். கூடத்தின் நடுவில் தொங்கும் பலகையைக் கண்டதும் பிள்ளைகளை நிறுத்தி, "எல்லாரும் மேல பாருங்க, என்ன எழுதியிருக்கு? சேர்ந்து படிங்க" என்றார். நாற்பது குரல்கள் ஒன்றாக, வகுப்பறை ராகத்தில், "அமைதி காக்கவும்!" என்று முழங்கின. எனக்கு எதிரில் அமர்ந்திருந்த வேதியியல் ஆய்வாளர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் இருவரும் விட்ட வரியைத் தேடிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள்மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் ஆசிரியர் சொன்னதைச் செய்தார்கள்.

இன்னொரு சனிக்கிழமை நடந்ததற்கு நான் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பாடநூலின் முகப்பில் ஆண்டு தமிழ் எண்களில் ௧௮௮௪ என்று அச்சாகியிருந்தது. அக்கால நூல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தமிழ் எண்கள் க, உ, எ, அ போன்ற எழுத்துகளை ஒத்திருப்பதால், மங்கிய அச்சில் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துத்தான் எழுத முடியும். அந்த நேரத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். "முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு." நான் 1834 என்று எழுதிவிட்டேன். எழுதியது தெரியாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது. இயலை வாசித்த நெறியாளர்தான், இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல்தானே வழி பிறந்தது, உள்ளூர்க்காரர் ஒருவர் 1834இல் இந்தப் பாடநூலை எப்படி அச்சிட்டார் என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அந்த ஒரே ஓர் இலக்கத்தைச் சரிபார்க்க மறுபடியும் இரண்டு பேருந்து, மறுபடியும் சீட்டு, மறுபடியும் பதினொரு மணி.

இது என் கவனக்குறைவு என்று சொல்லலாம், முழுக்க மறுக்கமாட்டேன். ஆனால் சத்தம் என்பது பழகினால் போய்விடும், மனத்தை ஒருமைப்படுத்தத் தெரியாதவர்களின் புகார் அது என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 1982இல் சலாமே, பேட்லி என்னும் இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனைகளில், கண்ணால் பார்த்த எண்களை வரிசை பிறழாமல் நினைவில் வைத்துச் சொல்லும்படி கேட்டார்கள். பின்னணியில் ஒலித்த பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தும் பேச்சு ஒலித்தபோது பிழைகள் கூடின. பேச்சல்லாத வெறும் இரைச்சலுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. கேட்பவருக்குப் புரியாத மொழியில் ஒலிக்கும் பேச்சும் இவ்வாறே குறுக்கிடுகிறது என்பது அதற்கு முன்பே, 1976இல் வந்த ஆய்வொன்றில் தெரிந்திருந்தது. கூடத்தின் பழைய மின்விசிறிகள் நாள் முழுதும் கடகடத்தும் நாங்கள் யாரும் முறையிடாததும், பத்தடி தள்ளி இருவர் தணிந்த குரலில் பேசினாலே வரி தவறுவதும் இதனால்தான். கைப்பேசிப் பேச்சு இன்னும் மோசம். ஒருபக்கப் பேச்சை மட்டும் கேட்பவரின் மனம், கேட்காத மறுபக்கத்தை ஊகிக்க இழுபடுவதால், இருபக்கமும் கேட்கும் உரையாடலைவிட அது கவனத்தை அதிகம் கலைக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள்.

இனி, கூடத்தின் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கலின் பாதி அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். நான் முதுகலை படித்த காலத்தில் இந்தக் கூடத்தின் நடைவழி முழுவதும் தென்னை நார் விரிப்பு போட்டிருந்தது. சுவரோரம் ஆளுயரத்துக்கு மேல் மர அடுக்குகள், அவை நிறையப் புத்தகம். சாளரங்களில் கனத்த காடாத் திரை. புதுப்பிப்பு வேலையின்போது நார் விரிப்பை அகற்றி வழவழப்பான கிரானைட் பதித்தார்கள். கூடம் விசாலமாகத் தெரிய வேண்டும் என்று சுவரோர அடுக்குகள் கீழ்த்தளத்துக்குப் போயின. திரைகளுக்குப் பதில் கண்ணாடி வந்தது. இப்போது கூடம் படத்தில் பார்க்க அழகாக இருக்கிறது. வருகையாளர் பெருகியதற்கு அந்த அழகும் ஒரு காரணம். ஆனால் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்த மூன்றும் ஒரே மூச்சில் போய்விட்டன.

இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட இயற்பியல் சான்று உண்டு. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அரங்கில் பேசுவது எதுவும் புரியவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, அதை ஆராயும்படி வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரைப் பணித்தார்கள். எழுந்த ஒலி அந்த அரங்கில் அடங்க ஐந்தரை நொடி பிடித்தது. அவர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கொள்ளளவு கூடக் கூட அந்த நேரம் நீள்கிறது, உறிஞ்சும் பரப்பு கூடக் கூடக் குறைகிறது என்ற அவருடைய கண்டுபிடிப்பைத்தான் கட்டடக் கலைஞர்கள் இன்றும் கையாள்கிறார்கள். நம் கூடத்தின் கூரை இரண்டு மாடி உயரம். அங்கே ஒருவர் செருப்பைத் தேய்த்து நடந்தாலும், மூலையில் நாற்காலியை இழுத்தாலும், அந்த ஒலி மேலே போய்த் திரும்பி வந்து எல்லா மேசைக்கும் பங்கு வைக்கப்படுகிறது. பிள்ளைகள் கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறார்கள். கூடம் அதைக் கூச்சலாக்கிவிடுகிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சென்ற கல்வியாண்டில் என் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்களை இதே நூலகத்துக்கு நானும் அழைத்து வந்தேன். அவர்களில் பலர் அதற்குமுன் இவ்வளவு புத்தகங்களை ஒருசேரக் கண்டதில்லை. பேருந்திலிருந்து இறங்கும்போதே வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர்கள் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், இங்க பேசவே கூடாதுன்னா சந்தேகம் வந்தா யார்கிட்ட கேக்குறது?" என்றாள். நான் குனிந்து பதில் சொன்னேன். பிறகு நிமிர்ந்து, வரிசை கலைந்ததைக் கண்டு, வகுப்பறைக் குரலில் அதட்டினேன். அன்று அந்தக் கூடத்தில் எழுந்த மிகப் பெரிய சத்தம் என்னுடையது. சாளரத்தோரம் இருந்த முதியவர் ஒருவர் தலை தூக்கி என்னைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டார்.

ஆகவே வருகையாளர்களை நிறுத்துங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை. கூடத்தின் நுழைவுச் சுவரில் சீ. இரா. அரங்கநாதனின் ஐந்து விதிகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறீர்கள். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான அவர், 1931இல் அந்த விதிகளை வெளியிட்டபோது முதலில் வைத்தது நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அடுத்து வருபவை. என் மாணவி சந்தேகம் கேட்டது அந்த இரண்டுக்கும் உட்பட்டது. நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அந்தச் சுவருக்கு முன்னால்தான் எல்லாக் குழுக்களும் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன என்பதால், நான்காவது விதி பெரும்பாலும் யாராவது ஒருவருடைய தலைக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

பள்ளிப் பிள்ளைகளைவிட எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் பெரியவர்கள். பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாட்களில் அங்கியோடு படம் எடுக்க வருபவர்கள், சேர்க்கைக் காலத்தில் பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கும் பெற்றோர், குறுங்காணொளிக்காக அடுக்குகளுக்கு இடையில் நடந்து நடந்து காட்டுபவர்கள் ஆகியோரைக்கூட ஒரு சொல்லில் நிறுத்திவிடலாம். சிறப்பு விருந்தினர்களின் வருகையை யாரும் நிறுத்த முடிவதில்லை. இப்படியொரு வருகையின்போது முன்னால் வந்த படப்பிடிப்பாளர் என் மேசையை இரண்டடி நகர்த்தச் சொல்லிவிட்டு, "சார், நீங்க எழுந்திருக்க வேணாம், அப்படியே படிக்கிற மாதிரி இருங்க" என்றார். நான் உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம் படிக்கிற மாதிரி இருந்தேன்.

அப்போது வாயிலில் நின்ற ஊழியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்த அடிப்படையில் மாதக் கூலிக்கு வேலை செய்பவர் அவர். உள்ளே வருபவர்கள் நிருவாகக் கட்டடத்திலிருந்து கடிதம் பெற்று வந்தவர்கள், அல்லது அந்தக் கட்டடத்திலிருந்தே வந்தவர்கள். அவர்களைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்? இந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டுவதும், அவர் செய்யவில்லை என்று நாங்கள் அவரிடமே சலித்துக்கொள்வதும் இரண்டுமே நியாயமில்லை.

கருத்துப் பெட்டியில் போட்ட கடிதங்களுக்குப் பயன் இல்லாமல் போகவில்லை; ஒவ்வொரு முறையும் கூடுதலாக இரண்டு அறிவிப்புப் பலகைகள் வந்தன. நேரில் சொன்னபோது, காதடைப்பான் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. வாங்கினேன். அது விசிறியின் கடகடப்பை நன்றாக மறைக்கிறது. பேச்சு உள்ளே வரத்தான் செய்கிறது. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள், 2000இன்படி கல்வி நிறுவனங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தில் பகலில் 50 டெசிபெல்லுக்கு மேல் போகலாகாது. அந்த வரம்பு வெளிப்புறச் சூழலுக்கானது, கூடத்துக்குள் செல்லுபடியாகும் சட்டம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒரு மீட்டர் தொலைவில் இயல்பாகப் பேசும் ஒருவரின் குரலே ஏறக்குறைய 60 டெசிபெல் இருக்கும் என்பதையும், பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதையும் வைத்துப் பார்த்தால், வளாகச் சாலையில் ஒலிப்பான் அடிக்காதீர் என்று பலகை வைத்த நாம், அந்தச் சாலைக்குக் கேட்கும் அமைதியை வாசிப்பு மேசைக்குக் கேட்கவில்லை என்பது விளங்கும்.

நான் கேட்பது பாதையை மாற்றுவதை. கூடத்தைச் சுற்றி முதல் மாடியில் ஒரு நடைமாடம் இருக்கிறது. பழைய மேசை, உடைந்த நாற்காலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அதைச் சுத்தம் செய்து, கூடத்தைப் பார்த்த பக்கத்தில் கண்ணாடி இட்டால் வருகையாளர்கள் மேலிருந்து முழுக் கூடத்தையும் பார்க்கலாம். கீழே நடந்து பார்ப்பதைவிட நன்றாகவே தெரியும். இது என் கற்பனையன்று. வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்ற நூலகத்தின் முதன்மை வாசிப்பு அறையைப் பார்க்க வருபவர்களுக்கு மேலே கண்ணாடியிட்ட பார்வைமாடம் வைத்திருக்கிறார்கள். மெல்பர்னில் விக்டோரியா மாநில நூலகத்தின், 1913இல் திறக்கப்பட்ட எண்கோண வாசிப்பு அறையை, மேல்தளங்களிலிருந்து எட்டிப் பார்க்க வழி இருக்கிறது. அவ்விரண்டும் நம்முடையதைவிடப் பன்மடங்கு கூட்டம் வரும் இடங்கள். கண்ணாடி போடாமல் மாடத்தை மட்டும் திறந்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து விழும் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அதற்குப் பணம் ஒதுக்கி வேலை முடிய ஓராண்டு ஆகலாம். அதுவரை, பழைய நூல்களைத் திருப்பிக் கொடுத்துவிடும் நான்கு மணிக்குப் பிறகு ஒரு மணிநேரத்தைச் சனிக்கிழமை வருகைகளுக்கென்று ஒதுக்கினால் போதும். விளக்கங்களையும் தலை எண்ணுவதையும் முன்மண்டபத்திலேயே முடித்துக்கொண்டு, இருபது இருபது பேராக உள்ளே அனுப்பலாம். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் எழுத்தில் இருந்தால் கடைப்பிடிக்கும் இனம். சிறப்பு விருந்தினர்களுக்கும் இதே நேரம், இதே வாயில் என்று துணைவேந்தர் அவர்களே ஒரு சுற்றறிக்கை அனுப்பினால்தான் வாயிலில் நிற்கும் ஊழியருக்கு வாய் திறக்கத் துணிவு வரும். நடைவழியில் தென்னை நார் விரிப்பை மறுபடி போடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பொருள் அது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி மாட்டினால் இழுக்கும் சத்தம் பாதியாகக் குறையும்.

வாசகர்களாகிய நாங்களும் சுத்தமானவர்கள் அல்லர். பருவத் தேர்வு நெருங்கினால் மூலை மேசைகள் கலந்துரையாடல் அரங்காகிவிடுகின்றன. கைப்பேசியை அதிர்வில் போட்டு மர மேசைமேல் வைப்பவர்களில் ஆய்வாளர்களே அதிகம். சேர்ந்து படிப்பவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். எங்கள் பக்கத்து ஒழுங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஜனவரியில் இவ்வாண்டின் எட்டாம் வகுப்பையும் அழைத்துவர எண்ணியிருக்கிறேன். சென்ற ஆண்டு சந்தேகம் கேட்ட சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்பு. தானும் மறுபடி வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். நாற்பத்தொரு பேர் வருவோம். அனுமதி வேண்டும் விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் இம்மாத இறுதியில் தனியே அனுப்புகிறேன். எத்தனை மணிக்கு, எந்த வாயிலில் அவர்களை நிறுத்த வேண்டும் என்பதை அதற்கான பதிலில் குறிப்பிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிநேர ஆய்வாளர் ஒருவர்,
தமிழ்த் துறை